என்டர் தட்டிய பிறகு

(மேட்டூரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே வாசலில் ஒரு நண்பர் மடக்கினார். "மெயின்ஃப்ரேமெல்லாம் மியூசியத்துக்குப் போயிருச்சுங்களே, இப்ப எதுக்குங்க அதைப் பத்திப் பேச்சு?" என்றார். மியூசியத்துக்குப் போகவில்லை. உலகின் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்னும் அதில்தான் கணக்கு வைத்திருக்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அந்தக் காலத்துப் புரோகிராம்களில் பல, இன்றைய இசட் வரிசை எந்திரத்தில் கை வைக்காமலே ஓடுகின்றன. நம் சேலம், நாமக்கல் பக்கக் கல்லூரிகளில் படித்துவிட்டுச் சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் அந்தப் பச்சை எழுத்துத் திரையின் முகத்தில்தான் விழிக்கிறார்கள். எந்திரம் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும். பிள்ளை துரைப்பாக்கத்தில் இருப்பான். நடுவில் கடல்.

இந்தப் பேச்சு அந்த நடுவைப் பற்றியது. என்டர் தட்டிய பிறகு பதில் திரைக்கு வரும்வரை உள்ள நேரம். அது நீண்டுவிட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நெட்வொர்க் ஸ்லோ." பாதி நேரம் அது நெட்வொர்க்கே இல்லை. இது என் வாதம். மீதிப் பாதியில் நெட்வொர்க்தான் காரணம், ஆனால் எல்லோரும் நினைக்கிற காரணம் இல்லை.

நமக்குப் பழகிய ஒரு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சேலம் ஜங்ஷன் முன்பதிவு கவுண்டர். வரிசையில் நின்ற அனுபவம் இங்கே எல்லோருக்கும் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ரயில் எண், தேதி, பெயர், வயது எல்லாம் அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985-86இல் டெல்லியில் தொடங்கியது. அதற்கு மென்பொருள் எழுதியது சிஎம்சி என்ற அரசு நிறுவனம். 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது, இங்கே இருந்த அதன் எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றதும் இதே சிஎம்சிதான். டெல்லிக்குப் பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மொத்தம் ஐந்து மையங்கள் வந்தன. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் தனித்தனி. பிறகு ரயில்வேயின் சொந்த நிறுவனமான கிரிஸ், கன்சர்ட் என்ற மென்பொருளை எழுதி, 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999க்குள் ஐந்தையும் ஒன்றாகப் பிணைத்தது. எந்திரம் டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ், பின்பு ஆல்ஃபா. ஐபிஎம் காரர்கள் கேட்டால் "இது மெயின்ஃப்ரேம் இல்லை" என்று மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நடுவில் ஒரு பெரிய எந்திரம், ஊரெல்லாம் ஊமைத் திரைகள், இரண்டுக்கும் நடுவில் வாடகைக் கம்பி. அமைப்பு அதேதான், நோய்களும் அதேதான்.

நாம் தெற்கு ரயில்வே. அதனால் சேலம் கவுண்டர் சென்னை மையத்தோடு பேசும். 1985இல் தீயில் போன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழும்பிய கட்டடம்தான் அந்த மையம். ஆனால் எல்லா ரயிலின் இருக்கைக் கணக்கும் சென்னையில் இருக்காது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஐந்தில் ஒரு மையம் வீடு. நீங்கள் கேட்கிற ரயிலின் வீடு சென்னை என்றால் வேலை அங்கேயே முடிந்துவிடும். டெல்லி என்றால் சேலத்திலிருந்து போன விண்ணப்பத்தைச் சென்னை எந்திரம் டெல்லிக்கு அனுப்பும். டெல்லி இருக்கையை ஒதுக்கிப் பதில் சொல்லும், சென்னை அதைச் சேலத்துக்குத் தரும்.

இதை வைத்தே ஒரு நல்ல சோதனை செய்யலாம், ஒரு கருவியும் வேண்டாம். கவுண்டர்காரர் "ஸ்லோ" என்று போன் செய்தால் கேட்க வேண்டியது: எந்த ரயிலுக்கு? சென்னையில் கணக்கு உள்ள ரயிலுக்கு டக்கென்று வருகிறது, டெல்லி ரயிலுக்கு மட்டும் இழுக்கிறது என்றால் சேலம்–சென்னை கம்பி நல்லாயிருக்கிறது. அதைத் தொட வேண்டாம். எல்லா ரயிலுக்கும் இழுக்கிறது, ஆனால் பக்கத்து ஊர்க் கவுண்டரில் நன்றாக ஓடுகிறது என்றால் கோளாறு சேலத்துப் பக்கம். எல்லா ஊரிலும் எல்லா ரயிலுக்கும் என்றால் நடு எந்திரம். ஒரு கவுண்டருக்கு மட்டும் என்றால் அந்த மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்பதில்லை. நேராக "லைனை செக் பண்ணச் சொல்லுங்க" என்று கம்பிக்காரருக்குப் போன் போடுகிறார்கள். அவர் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு "எங்க பக்கம் ஓகே" என்று வைத்துவிடுகிறார். அது பொய்யும் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

பழைய மெயின்ஃப்ரேம் திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 எழுத்து. எழுத்துக்கு 8 பிட் வீதம் 15,360 பிட். அந்தக் காலத்து லீஸ்டு லைன் நொடிக்கு 9,600 பிட் எடுத்துப் போகும். ஆக ஒரு முழுத் திரை வந்து சேரவே 1.6 நொடி. எந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் தயாரித்திருந்தாலும் 1.6 நொடி கழியாமல் திரை நிறையாது. அதே கம்பியில் எட்டுக் கவுண்டர் தொங்கினால் காத்திருப்பு இன்னும் கூடும். அன்றைக்கு "லைன் வேகத்தை ஏற்றுங்கள்" என்றது சரியான வைத்தியம். 64 கிலோபிட் ஆனதும் 1.6 நொடி 0.24 ஆனது. 2 மெகாபிட் ஆனதும் 8 மில்லிசெகண்டுக்குள் வந்துவிட்டது.

அதற்கு மேல் ஏற்றி என்ன கிடைக்கும்? 8 மில்லிசெகண்டை 1 ஆக்கலாம். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இன்றும் ரெஸ்பான்ஸ் டைம் இழுக்கிறது என்றால் முதல் தீர்மானம் பேண்ட்வித்தை இரட்டிப்பாக்குவதுதான். காசு போகும், டெண்டர் நடக்கும், புதுப் பெட்டி வரும். பழைய புகார் அப்படியே இருக்கும்.

மேட்டூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபம். 2022இல் அணையை மே 24ஆம் தேதியே திறந்தார்கள், நினைவிருக்கும். கல்லணையைத் திறந்தது மே 27. நடுவில் மூன்று நாள். இங்கே நொடிக்கு 3,000 கன அடி விட்டாலும் 10,000 கன அடி விட்டாலும் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்குப் போக நாள் கணக்கில்தான் ஆகும். கன அடியைக் கூட்டினால் போய்ச் சேரும் தண்ணீர் கூடும். முதல் சொட்டு இன்றைக்கு மாலையே தஞ்சாவூருக்குப் போய்விடாது. பேண்ட்வித் என்பது கன அடி. தாமதம் என்பது அந்த மூன்று நாள். ஆற்றிலாவது வெள்ளம் பெருகினால் ஓட்டமும் கொஞ்சம் கூடும். கண்ணாடி இழையில் அந்தச் சலுகைகூட இல்லை. அதற்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான்.

இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து சென்னைக்குக் கேபிள் 400 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது என்று வைத்தால் போய்வர 4 மில்லிசெகண்டு. டெல்லிக்கு, சுற்றுவழியெல்லாம் சேர்த்தாலும் சில பத்து மில்லிசெகண்டு. திரை நான்கு நொடி நிற்கிறது, தூரம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நான்கு நொடி வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது.

செயற்கைக்கோள் வழி என்றால் மட்டும் கணக்கு வேறு. 1980களின் பிற்பகுதியில் தேசியத் தகவல் மையம் நிக்நெட்டைக் கட்டியது. டெல்லி, புனே, புவனேஸ்வர், ஹைதராபாத் ஆகிய நான்கு இடங்களில் என்இசி நிறுவனத்தின் எஸ்-1000 பெரிய எந்திரங்கள். மாவட்டத் தலைநகரங்களில் சிறு கிண்ண ஆண்டெனாக்கள். செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். மேலே போய்க் கீழே வர கால் நொடி. கேள்விக்கு ஒரு முறை, பதிலுக்கு ஒரு முறை என்று அரை நொடி காற்றிலேயே போய்விடும். டெல்லி ஹப் வழியாக ஒரு மாவட்டம் இன்னொரு மாவட்டத்தோடு பேசினால் அதுவே ஒரு நொடி. அந்த நாளில் கலெக்டர் ஆபீஸில் நிக்நெட் அறையில் வேலை பார்த்தவர்கள் பொறுமைசாலிகளாக இருந்ததற்குக் காரணம் இதுதான். இயற்பியலோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சரி, தூரமும் இல்லை, கம்பியின் அகலமும் இல்லை என்றால் என்ன?

வரிசை.

பத்து மணி தத்கால் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி வகுப்புக்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று. திறந்த முதல் இரண்டு நிமிஷத்தில் நாடு முழுக்க ஒரே கதவைத் தட்டுகிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதக்காரர் 1909லேயே இதற்கு வழி காட்டிவிட்டார். எளிய வடிவில் சொன்னால், ஒரு கருவி 50 சதவீதம் வேலையில் இருந்தால் ஒருவர் வேலையை முடித்து வெளியே வர, வெறும் வேலை நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆகும். 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90இல் பத்து. 95இல் இருபது. 80க்கும் 95க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் மீட்டரைப் பார்க்கிறவருக்குத் தோன்றும். வரிசையில் நிற்கிறவருக்கு அது நான்கு மடங்கு.

இங்கேதான் சராசரி என்ற பொய்யன் உள்ளே வருகிறான். கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சராசரி எடுத்து வரைபடம் போடும். பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் லைன் நூறு சதவீதம் நிரம்பி, அடுத்த மூன்று நிமிஷம் காலியாக இருந்தால் வரைபடம் நாற்பது சதவீதம் என்று சாதுவாகக் காட்டும். மேலதிகாரி அதைப் பார்த்து "பாதிகூட யூஸ் ஆகலையே" என்பார். கவுண்டர்காரர் பத்து மணியைப் பற்றிப் பேசுகிறார், இவர் ஐந்து நிமிஷச் சராசரியைப் பற்றிப் பேசுகிறார். என்னைக் கேட்டால் ரெஸ்பான்ஸ் டைமுக்குச் சராசரி எடுப்பதையே தடை செய்ய வேண்டும். நூறு பரிவர்த்தனையில் மோசமான ஐந்து எவ்வளவு நேரம் எடுத்தன என்று கேளுங்கள்.

ஐபிஎம் காரர்கள் ஒரு விஷயத்தில் ரொம்ப நாணயமாக இருந்தார்கள். 3270 வகைத் திரைகளை இணைக்கும் 3274, 3174 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள்ளேயே ரெஸ்பான்ஸ் டைம் அளக்கும் வசதி வைத்தார்கள். என்டர் தட்டியதும் திரையின் அடி வரியில் ஓர் எக்ஸ் குறியும் பக்கத்தில் சின்னக் கடிகாரமும் வரும், கீபோர்டு பூட்டிக்கொள்ளும். பதில் வந்ததும் அது மறையும். அந்த இடைவெளியைப் பெட்டியே அளந்து, கடைசிப் பரிவர்த்தனைக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று அதே அடி வரியில் காட்டவும் செய்யும். ஊழியர் கண்ணால் பார்க்கும் நேரமும் எந்திரம் எழுதி வைக்கும் நேரமும் ஒன்றே. சண்டைக்கு இடமில்லை. இன்றைய கணினிகளில் அந்த அடி வரியை எமுலேட்டர் மென்பொருள் வரைகிறது. கடிகாரம் இருக்கிறது, நொடிக்கணக்கைத்தான் பல இடங்களில் காணோம். யாரும் கேட்கவில்லை போலும்.

ஏன் நொடிக்கு இத்தனை கவலை என்றால், 1982இல் ஐபிஎம்மைச் சேர்ந்த டோஹர்ட்டி, ததானி இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கு முன் இரண்டு நொடி ஆனால் பரவாயில்லை, அதற்குள் ஊழியர் அடுத்ததை யோசித்துக்கொள்வார் என்ற எண்ணம் இருந்தது. பதில் ஒரு நொடிக்குக் கீழே இறங்கும்போது செய்து முடிக்கும் வேலை திடீரென்று ஏறுவதை அவர்கள் காட்டினார்கள். அந்த வேகத்தில் மனிதனின் யோசனை அறுபடுவதில்லை.

இப்போது நோய் பிரிக்கும் வேலைக்கு வருகிறேன். இன்றைய இசட்/ஓஎஸ் எந்திரத்தில் டிஎன்3270 சர்வர் என்று ஒன்று உண்டு. வங்கிக் கிளையிலிருந்து டிசிபி/ஐபி வழியாக வரும் திரைகளை அது வாங்கி உள்ளே இருக்கும் பயன்பாட்டிடம் கொடுக்கும். அதுவே நேரத்தை இரண்டாகப் பிரித்தும் தரும். பயன்பாடு பதில் சொல்ல எடுத்த நேரம் ஒன்று, அந்தப் பதில் வெளியே போய்ச் சேர்ந்து "கிடைத்தது" என்று ஒப்புதல் வர எடுத்த நேரம் ஒன்று. இந்த இரண்டு எண்ணையும் பார்த்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இந்த வசதியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, இயக்காமலேயே வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

அது இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பாக்கெட் ட்ரேஸ் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, எந்திரத்தின் பக்கம் எடுத்ததில் கேள்வி வந்ததற்கும் பதில் கிளம்பியதற்கும் நடுவில் 25 மில்லிசெகண்டு. கிளைப் பக்கம் எடுத்ததில் கேள்வி போனதற்கும் பதில் வந்ததற்கும் நடுவில் 2.4 நொடி. கழித்தால் கம்பியில் போனது 2.375 நொடி. இரண்டு பக்கக் கடிகாரமும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும் என்று நம்பி நேரத்தை ஒப்பிடாதீர்கள். ஒரே கடிகாரத்தில் எடுத்த இடைவெளியை மட்டும் ஒப்பிடுங்கள். புதியவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது. பதில் கேள்விக்கு முன்னாடியே வந்துவிட்டதாகக்கூட ட்ரேஸ் காட்டும்!

"பிங் அடித்துப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மைக் மூஸ் 1983இல் ஒரே மூச்சில் எழுதிய அந்தக் குட்டிப் புரோகிராம் உலகத்துக்குப் பெரிய உபகாரம்தான். ஆனால் அது அனுப்புவது பொடிப் பாக்கெட். அதற்குப் பதில் சொல்வது எந்திரத்தின் வாசல். உள்ளே பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருள் தூங்கினாலும் வாசல் பதில் சொல்லும். பொடிப் பாக்கெட் போகிற வழியில் பெரிய பாக்கெட் போகாமலும் இருக்கலாம். ஒரு கிளையில் லாகின் திரை உடனே வரும், வாடிக்கையாளர் பட்டியல் திரையைக் கேட்டால் அப்படியே உறைந்துவிடும். லாகின் திரையில் பெரும்பாலும் காலி இடம், சில நூறு எழுத்துதான். பட்டியல் திரை 1,920க்கு நிரம்பி வழியும். நடுவில் யாரோ புதிதாக விபிஎன் என்ற ஒரு ரகசியக் குகைவழி போட்டிருப்பார்கள். அதன் வாயில் 1,500 பைட் பாக்கெட் நுழையாது. "சின்னதாக வெட்டி அனுப்பு" என்று ரூட்டர் திருப்பிச் சொல்லும் செய்தியை ஃபயர்வால் பாதுகாப்பு என்ற பெயரில் விழுங்கிவிடும். எந்திரம் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பிங்கை 1,472 பைட் ஆக்கி, வெட்டாதே என்று கொடி கட்டி அனுப்புங்கள். ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சூட்சுமம் உண்டு. தாமதம் முழு எண்ணாக வருகிறதா என்று பாருங்கள். தூரத்தால் வரும் தாமதம் 37, 41, 38 என்று வரும். வரிசையால் வருவது இன்னும் தாறுமாறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கரெக்டாக 0.2 நொடி, அல்லது 1 நொடி, அல்லது 5 நொடி என்றால் அங்கே யாரும் வேலை செய்யவில்லை. ஒரு டைமர் ஓடி முடியக் காத்திருக்கிறது. லாகின் செய்ய எப்போதும் 5 நொடி என்றால் அனேகமாகப் பெயர் தேடும் டிஎன்எஸ் சர்வர்களில் முதலாவது செத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டு, பதில் வராமல், அடுத்ததிடம் போகிறது. 1 நொடி, பிறகு 2, பிறகு 4 என்று இரட்டித்தால் பாக்கெட் தொலைந்து திரும்ப அனுப்பப்படுகிறது. 0.2 நொடி என்றால் அது இரண்டு நல்லவர்கள் சேர்ந்து செய்த காரியம். 1984இல் ஜான் நேகிள் சொன்ன யோசனை: முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வரும்வரை சிறு துண்டுகளைச் சேர்த்து வை. மறுமுனையில் இன்னொருவர் யோசனை: ஒப்புதலை உடனே அனுப்பாதே, கொஞ்சம் பொறுத்துப் பதிலோடு சேர்த்து அனுப்பு. இருவரும் எதிரெதிரே நின்று "நீங்க முதல்ல" என்று மரியாதை காட்டிக்கொண்டிருப்பார்கள், டைமர் அடிக்கும்வரை.

நேகிள் அதை எழுதி இரண்டு ஆண்டில், 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுந்ததால் இல்லை. தாமதம் ஆனதும் எல்லா எந்திரமும் பதறித் திரும்ப அனுப்பின. அதனால் நெரிசல் கூடியது. அதனால் இன்னும் தாமதம். வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, நெரிசல் கண்டால் பின்வாங்கும் முறையை 1988இல் எழுதினார். இன்று நம் செல்போன் வரை எல்லாம் அந்த ஒழுக்கத்தில்தான் நடக்கின்றன.

நெட்வொர்க் மாதிரியே வேஷம் போட்டு வரும் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசி. வட்டிக் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் பேட்ச் வேலையாக ஓடி, எந்திரத்தின் சிபியு நூறு சதவீதம். மெயின்ஃப்ரேமுக்கு நூறு சதவீதம் ஒன்றும் கேவலம் இல்லை, யாருக்கு முன்னுரிமை என்று டபிள்யூஎல்எம் என்ற மேலாளர் பார்த்துக்கொள்ளும். ஆனால் டிசிபி/ஐபியை ஓட்டும் நிரலையே முன்னுரிமைப் பட்டியலில் கீழே வைத்துவிட்டால்? பாக்கெட் வாசலில் வந்து நிற்கும். அதை எடுத்து உள்ளே கொடுக்க சிபியு கிடைக்காது. பயன்பாட்டின் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் 20 மில்லிசெகண்டில் பதில் சொல்லியிருக்கும், ஏனென்றால் கேள்வி அதன் கைக்கு வந்த பிறகுதான் அதன் கடிகாரம் ஓடுகிறது. எந்திரம் நல்லாயிருக்கிறது, பயன்பாடு நல்லாயிருக்கிறது, ஆகவே நெட்வொர்க்தான் என்று தீர்ப்பு வந்துவிடும். டிசிபி/ஐபி, திரைகளைப் பயன்பாடுகளோடு இணைக்கும் விடாம், டிஎன்3270 மூன்றையும் எஸ்ஒய்எஸ்எஸ்டிசி என்ற உயர்ந்த வகுப்பில் வையுங்கள் என்பது பழைய அறிவுரை. தகராறு மாதத்தின் கடைசி இரண்டு நாளில் மட்டும் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஓஎம்ஆர் பிள்ளைகளுக்காக ஒன்று. சென்னையிலிருந்து நியூயார்க் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 220 என்று வைப்போம். டிபி2 தரவுத்தளத்தில் இருந்து 500 வரி எடுத்து வரும் புரோகிராம் ஒன்றை அங்கே, எந்திரம் இருக்கும் அதே அறையில் சோதித்தார்கள். போய்வர 1 மில்லிசெகண்டு, அரை நொடியில் முடிந்தது. அதே புரோகிராம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை போய்வருவதாக எழுதப்பட்டிருந்தால் சென்னையில் 500 பெருக்கல் 220. 110 நொடி. லைனில் ஒரு சதவீதம்கூட நிறையாது. எவ்வளவு மெகாபிட் வாங்கினாலும் 110 நொடி 110 நொடிதான். வரிகளைக் கட்டுக் கட்டாக, 32 கிலோபைட் கட்டுகளாக எடுக்கும் வசதி டிபி2விலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் இரண்டு மூன்று பயணத்தில் வேலை முடிந்துவிடும். எத்தனை பைட் போகிறது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணுங்கள் என்பதைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்டிரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே போன போக்குவரத்தில் பெரும்பகுதி தடுமாறியது. கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் என்று சுற்றி விட்டார்கள். அப்படி வழிமாற்றியதும் இணைப்பு உயிரோடுதான் இருக்கும், பிங் போகும், ஆனால் லண்டனுக்குப் போகிற பாக்கெட் பூமியை அந்தப் பக்கமாகச் சுற்றும். ஒரு பயணத்தில் முடியும் வேலைக்கு இது உறைக்காது. 500 முறை போய்வரும் புரோகிராம் அன்றைக்குத்தான் தன் யோக்கியதையைக் காட்டும்.

நேரம் ஆகிறது, கேள்விகளுக்கும் இடம் விட வேண்டும். மதியச் சாப்பாட்டுக் கேஸ் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், தினமும் மதியம் இரண்டு மணிக்கு அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடமிருந்து புகார். "ஏனுங்க, காலைல நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டு வந்து என்டர் தட்டுனா கடிகாரம் அப்படியே நிக்குதுங்க. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுக் கட் ஆயிருது. மறுபடி உள்ள போனா, நீ ஏற்கெனவே உள்ளதான் இருக்கேன்னு சொல்லுதுங்க." மதியம் லைனில் நெரிசல் என்று முடிவு கட்டி, பேண்ட்வித் கூட்டக் கோப்பும் நகர்ந்துகொண்டிருந்தது. லைன் வரைபடத்தில் அந்த நேரம் நாளிலேயே மிகக் காலியான நேரம்.

அந்த அம்மா கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில்தான் விடை. எந்திரத்தைப் பொறுத்தவரை அவர் வெளியே போகவே இல்லை. நடுவில் இருந்த ஃபயர்வால், ஒரு மணி நேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் அடித்துவிடும். இரண்டு முனைக்கும் சொல்லாது. சாப்பாட்டு இடைவேளையும் வெளியே ஒரு வேலையும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். திரும்பி வந்து தட்டிய என்டர் ஃபயர்வாலில் முட்டிக்கொண்டு நின்றது. கணினி திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஓய்ந்து, கட் செய்தது. எந்திரம் மட்டும் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பேச்சில்லாத இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ், 1989ஆம் ஆண்டு விதிப்படி, மாற்றாமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஃபயர்வாலின் பொறுமை ஒரு மணி நேரம். டிஎன்3270 சர்வரில் அந்தத் தட்டுதலை இருபது நிமிஷத்துக்கு ஒன்றாக மாற்றினார்கள். புகார் நின்றது. பேண்ட்வித் கோப்பு மட்டும் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது, லைனும் வந்தது.